ம் கொட்ட ஆள் வேண்டும்

1

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. அங்கே மழையா வெயிலா? அங்கே தங்கம் என்ன விலை? மலேசியாவில் நான் இருக்கும் ஜொகூரில் மழையும் வெயிலும் ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டுப் போகும். தங்கத்தைப் பற்றித் தங்கம் வாங்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். அதனால் யாரும் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். பிடித்தால் படியுங்கள், பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நான் தேவகோட்டைப் பக்கம் பிறந்து பாசிர் கூடாங்கில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் சேகர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். அவருடைய குடும்பம் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக் குடும்பம். "மாப்பிள்ளை டிரைவரா?" என்று ஊரில் இழுத்துக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆமாம், டிரைவர்தான். விடியும் முன்னால் அவர் வண்டி வந்து நிற்காவிட்டால் பாதி ஆலைக்கு ஆள் இருக்காது. நான் அதே வட்டாரத்தில் ஓர் ஆலைக் கேன்டீனில் சமைக்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவேன். ரசாயன வாடை வந்தால் துறைமுகத்துப் பக்கம், சாம்பார் வாடை வந்தால் என் பக்கம். மகள் கவிதா பள்ளியில் கடைசி வருஷம். வீட்டில் நான் அவளை "சின்னவளே" என்றுதான் கூப்பிடுவேன். இருக்கிறது ஒரே பிள்ளை, அதில் என்ன சின்னவள் பெரியவள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

என் கையில் இன்னமும் இந்தியக் கடவுச்சீட்டுதான். இங்கே தங்குவதற்கான அனுமதியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கணவரும் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட வந்து உட்கார வேண்டும். அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணப் பெண் பார்க்க வந்தவரைப்போல என் பக்கத்தில் உட்காருவார். பல வருஷமாக இதுதான் எங்கள் வருடாந்திரச் சுற்றுலா.

போன முறை முகப்பு மேசையில் இருந்தவர் சின்னப் பையன், மரியாதையானவன். பெயர், முகவரி எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவன், திரையைப் பார்த்தபடி மலாயில், "அனாக் பெராப்பா?" என்றான். பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறான்.

"டுவா" என்றேன். இரண்டு.

சேகர் சட்டென்று என் கையைத் தொட்டு, "சாத்து, என்சிக். சாத்து" என்றார். ஒன்றுதான் ஐயா, ஒன்றுதான்.

"புவானுக்குப் பிள்ளை எத்தனைன்னே மறந்துபோச்சா?" என்று அந்தப் பையன் மலாயில் கேட்டுச் சிரித்தான். புவான் என்றால் அம்மணி. சேகரும் கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும் சேகர் கேட்டார்: "ஏன் அப்படிச் சொன்னே?"

"கேட்டாரு, சொன்னேன்."

"போனது போனதுதானே மீனா. இத்தனை வருஷம் கழிச்சி எதுக்கு இப்ப?"

"போனதுன்னு சொல்லாதீங்க. பொறந்தது."



2

கவிதாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன். நிறைமாதப் பிள்ளை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எடுக்கும்போதே உயிர் இல்லை. எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சேகரும் அவருடைய அக்கா லெட்சுமி அண்ணியும் கட்டிலருகே நின்றார்கள். என் கண்ணைப் பார்க்காமல் இருவரும் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்கள்.

"பாக்காத வரைக்கும் நல்லது மீனா. பாத்தா மறக்க முடியாது" என்றார் அண்ணி.

பார்க்கவில்லை. மறந்தா போய்விட்டது?

அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் காரியம் கிடையாது, படம் கிடையாது, பெயரும் கிடையாது. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கிடந்தபோது, மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்லிக் கொடுத்தவரும் அண்ணிதான். கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பூவோடு பேச்சையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றி வாய் திறந்ததில்லை. கவிதாவுக்குக்கூட, "அம்மாவுக்கு முதல்ல ஒன்னு சரியா வரல" என்ற அளவுக்குத்தான் தெரியும். குழாய் ரிப்பேர் ஆன மாதிரி.

3

அந்த முகப்புக் கதை நடந்த கொஞ்ச நாளில், எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். உங்கள் சொந்தக் கதையை நீங்களே கண்டுபிடித்து, செதுக்கி, மேடையில் வாயால் சொல்லுங்கள் என்பது வகுப்பு. கையில் தாள் கூடாது. அடுத்தவர் கதை கூடாது. வகுப்பெடுக்க வந்தவள் தர்ஷினி என்று ஒரு பெண், கோலாலம்பூர்க்காரி. நல்ல பெண், ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் "சூப்பர்" என்பாள். கேன்டீனில் என்னோடு வேலை செய்கிறவள் பெயர் கொடுக்கப் போனாள். துணைக்குப் போன நானும் கொடுத்துவிட்டேன்.

வந்தவர்களிடம் கதைக்கா பஞ்சம்! தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிற ஒருவர், எல்லை வரிசையில் மழைக்கோட்டுக்குள் நின்றபடியே தன் மகன் பிறந்த செய்தியைக் கேட்டதைச் சொன்னார். தங்காக் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மாள், தன் கல்யாணப் புடவையைத் தானே முதல் வாடிக்கையாளருக்கு விற்றதைச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

என் முறை வந்தபோது, நான் புதிதாக வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்ட கதையைச் சொன்னேன். இங்கே காலைச் சாப்பாட்டுக்கு அப்படிச் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. என் பசி ஆறியதா என்று முன்பின் தெரியாத ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று அழுதுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

தர்ஷினி சிரிக்கவில்லை. "அக்கா, இது நல்லா இருக்கு. ஆனா இது நீங்க சொல்ல வந்த கதை இல்லதானே?" என்றாள்.

கெட்டிக்காரிதான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வகுப்பில் பெரியவனைப் பற்றிச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள், கண்ணைத் துடைத்தாள், "சூப்பர்" என்று சொல்லவில்லை. பிறகு செதுக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, ஜனங்க பாரத்தோட வீட்டுக்குப் போகக்கூடாது. கடைசியில ஒரு நம்பிக்கை குடுக்கணும். உங்க மகள் நல்லா படிக்கிறாங்கதானே? அதுல முடிங்க. ஒன்னு போச்சு, ஒன்னு வந்துச்சு. அழகா இருக்கும்."

"ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தி வர்றதுக்கு இது பஸ்ஸா?" என்றேன். "என் வீட்டுக்காரர் பஸ்ஸுல வேணா ஒருத்தர் எறங்கினா ஒருத்தர் ஏறுவாங்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் என்னை விடவில்லை. நானும் அவளை விடவில்லை. அவள் கற்றுக்கொடுத்ததில் ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது: தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே சொல்லுங்கள் என்றாள். அதை முடிந்துவைத்துக்கொண்டேன்.

4

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் சண்டை பிடித்துக்கொண்டது.

லெட்சுமி அண்ணி ஞாயிற்றுக்கிழமை நேராகச் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். இங்கே ஐயோவுக்கு அலமாக் என்பார்கள், பேச்சுக்கு நடுவில் ஒரு லாவும் போடுவார்கள். "அலமாக், என்னா மீனா இது? நல்லா இருக்கிற வீட்டுல ஏன் லா இதக் கெளப்புற? பொம்பளப் புள்ள வளந்து நிக்கிது. கோயில் மண்டபத்துல, ஊரு ஒலகம் பாக்க, செத்த புள்ளயப் பத்திப் பேசுவியா?"

"அண்ணி, உயிரோட இருக்கிறவளப் பத்திப் பேசினா மட்டும் வாய் நெறையச் சிரிக்கிறீங்க. அவனும் இதே வயித்துலதானே இருந்தான்?"

"தம்பி மனச நெனச்சிப் பாத்தியா?"

"எம் மனச யாராச்சும் நெனச்சிப் பாத்தீங்களா?"

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வரமாட்டேன், வரவே மாட்டேன் என்று வாசலில் செருப்புப் போடும்வரை சொல்லிக்கொண்டே போனார். சேகர் எல்லாவற்றையும் கேட்டபடி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கவிதாவின் கவலை வேறு. "அம்மா, ப்ளீஸ் லா. என் ஃபிரண்ட்ஸும் வருவாங்க. அந்தப் பசியாற கதையவே சொல்லுங்க, அது ஃபன்னியா இருக்கு."

அவளோடு நான் பேசும் தமிழில் பாதி இப்போது ஆங்கிலமாகவும் கால்வாசி மலாயாகவும் திரும்பி வருகிறது. அதற்கு நான் அழ மாட்டேன். இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, இந்த மண் பேசுவதைப் பேசுகிறாள். எனக்கு வருத்தம் அதில் இல்லை. சின்னதில் அவள் என் கதைகளுக்கு விடாமல் "ம்" கொட்டுவாள். காதில் அந்த வெள்ளைக் குமிழ்களை மாட்டிக்கொண்ட பிறகு அது நின்றுபோயிற்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ம்" என்பது எங்கள் பக்கத்தில் சும்மா சத்தம் இல்லை. புளி சீசனில் எங்கள் தெருப் பெண்கள் ஒரு கொட்டகையில் கூடிப் புளி உடைப்பார்கள். கையோடு வாயும் ஓடும். மாமியார் கொடுமை, ஓடிப்போன தங்கை, கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டி என்று ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொல்லுவாள். ஒருத்தி "ம்" கொட்ட வேண்டும், அது சட்டம். ம் வந்தால்தான் அடுத்த வாக்கியம். ம் கொட்டுகிறவள் கண் அசந்துவிட்டால் கதை அந்தரத்தில் நிற்கும். மற்றவர்கள் புளியங்கொட்டையால் எறிந்து அவளை எழுப்புவார்கள். ம் இல்லாமல் தனக்குத் தானே பேசுகிறவளுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

தர்ஷினிக்கு இது தெரியாது. எனக்கும் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

5

மேடையேறிக் கதை சொல்லும் நாளன்று மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. கேன்டீன் பெண்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். கவிதா தோழிகளோடு ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேகர் கதவருகில் நின்றார். வண்டி எடுக்கும் நேரம் பார்த்து நழுவ வசதியாக. முன்வரிசைக் கோடியில், வரவே மாட்டேன் என்ற லெட்சுமி அண்ணி, கைப்பையை மடியில் வைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

தர்ஷினி ஒலிவாங்கியைப் பிடித்து, "கதை சொல்றவங்களுக்கு மரியாதை குடுப்போம். போனை அடக்கிடுங்க. நடுவுல யாரும் ஒரு சத்தமும் போடாதீங்க" என்றாள். எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன்.

"என் மூத்த பிள்ளையப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்" என்றேன்.

பதிலே இல்லை. மண்டபம் முழுக்க மரியாதை.

காத்திருந்தேன். அடுத்த வாக்கியம் நெஞ்சில் இருக்கிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. நான் மறந்துவிட்டேன் என்றோ, அழப்போகிறேன் என்றோ நினைத்து யாரோ கைதட்ட, எல்லாரும் சேர்ந்து தட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"கை தட்டாதீங்க! கதை முடிஞ்சாத்தான் கை தட்டுவாங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. என்னைப் பாத்துப் பாவப்படவும் வேணாம். யாராச்சும் ஒருத்தர் ம் கொட்டுங்க. எங்க ஊர்ல ம் கொட்ட ஆள் இல்லாம யாரும் கதை சொல்ல மாட்டாங்க. ம் கொட்டினா சொல்றேன், இல்லாட்டி இங்கேயே நிக்கிறேன்."

தர்ஷினி ஓரத்தில் கையைப் பிசைந்தாள். கவிதா முகத்தை மூடிக்கொண்டாள். நான் இறங்கவில்லை.

"ம்."

முன்வரிசைக் கோடியிலிருந்து வந்தது. அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை.

 சொல்ல ஆரம்பித்தேன். வயிற்றில் அவன் உதைக்கும்போது சேகர் பஸ் ஹாரன் மாதிரி சத்தம் போட்டுப் பதில் சொல்வதைச் சொன்னேன். ம் என்றார் அண்ணி. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வசம்பும் வெள்ளித் தண்டையும் வந்து சேர்ந்ததைச் சொன்னேன். ம். கேன்டீன் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் காலையிலிருந்து அவன் உதைக்கவே இல்லை என்று சொன்னபோது மண்டபமே ம் என்றது. ஆஸ்பத்திரி, மயக்கம், போர்வை எல்லாம் சொன்னேன்.

"அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது" என்றேன். "அவன் கறுப்பா செவப்பா, தெரியாது. யார் சாயல், தெரியாது. யாரும் எனக்குக் காட்டல. என் புள்ளயப் பத்தின கதை எனக்கு இம்புட்டுத்தான் தெரியும். இங்கேயே நிக்கிது."

இந்த முறை அண்ணியிடமிருந்து ம் வரவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தல நெறைய முடி மீனா" என்றார்.

 அண்ணி எழுந்து நின்றார். மண்டபத்துக்கு அவர் பேசவில்லை. எங்கள் சமையல்கட்டில் நிற்பதுபோல என்னிடம் மட்டும் பேசினார்.

"சுருட்ட முடி. ஒன் முடி. மூக்கு தம்பி மூக்கு. நாந்தான் லா குளிப்பாட்டினேன். சுடுதண்ணியில குளிப்பாட்டினேன், குளுருமேன்னு."

ஒலிவாங்கி என் வாயருகில்தான் இருந்தது. "ம்" என்றேன்.

"வெள்ளத் துணி குடுத்தாங்க. நான் சுத்தல. எம் பையனோட மஞ்ச சட்டையப் போட்டுவிட்டேன். பெரிசா இருந்துச்சு, கைய மடிச்சிவிட்டேன்."

"ம்."

"யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா நீ ஒடஞ்சி போயிடுவேன்னு நெனச்சேன்."

"ம்" என்றேன். உடையவில்லை. அத்தனை வருஷமாக ஒரு பிள்ளையை முகமில்லாமல் சுமந்தவளுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. வாய்விட்டு அழுதேன். வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கமில்லை. கதவருகில் பார்த்தேன். சேகர் இல்லை.

மறுநாள் காலை கவிதா பள்ளிக் காலணியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "அதுக்குத்தான் என்னைச் சின்னவளேன்னு கூப்பிடுறீங்களா?"

"ஆமா."

"ஓகே" என்றாள். காதுக் குமிழ்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்துகூடப் போயிருக்கலாம். நான் அதைக் கேட்கவில்லை.

யாரோ எடுத்த வீடியோ கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. கும்பிடும் படம் போட்டவர்கள் சிலர். "குடும்ப விஷயத்தைச் சபையில் வைக்கலாமா?" என்று எழுதினார் ஒரு பெரிய மனிதர். அவருக்கு என் பதில் இதுதான்: என் பிள்ளை என்ன, நான் செய்த குற்றமா ஒளித்துவைக்க? உங்கள் வீட்டு வளைகாப்பைச் சபையில்தானே வைத்தீர்கள்? எனக்கும் வளைகாப்பு சபையில்தான் நடந்தது. அவனுக்காகத்தான் எல்லாரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள்.

சேகர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கோபமும் இல்லை, பேச்சும் இல்லை. வழக்கம்போல விடிவதற்கு முன் பஸ்ஸை எடுத்தார், வந்தார், சாப்பிட்டார். அந்த மாலையில் எப்போது கிளம்பினார், எதுவரை கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஊரே ம் கொட்டி என்ன? அவனுக்கு அப்பா ஒருவர்தானே?

6

இந்த வாரம் மறுபடி அனுமதி புதுப்பிக்கும் நாள். சேகர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தார். எண் வாங்கி உட்கார்ந்தோம். அலுவலகம் நிறைய ஆட்கள்.

முகப்பில் இந்த முறை முக்காடு போட்ட ஒரு நடுவயது அம்மாள். பெயர் கேட்டார், முகவரி கேட்டார். பிறகு திரையைப் பார்த்தபடியே, "அனாக் பெராப்பா?" என்றார்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். சேகர் கையைத் தொட்டாலும் சரி, காலை மிதித்தாலும் சரி, இரண்டு என்றுதான் சொல்வது என்று முடிவு. வாயைத் திறந்தேன்.

"டுவா" என்றது பக்கத்துக் குரல்.

அந்த அம்மாள் திரையை இன்னொரு தடவை பார்த்தார். இங்கே ஒன்றுதானே இருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

சேகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நீங்க ஒன்னுன்னே போட்டுக்குங்க புவான். கேட்டீங்க, சொன்னேன். மூத்தது பையன். தல நெறைய முடி."

அந்த அம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ம்" என்றார்.

சேகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சள் சட்டை போட்ட பிள்ளையை வாங்கி அவர் எப்படிப் பிடித்தார் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்காத கதை. எங்களுக்குப் பின்னால் எண் சீட்டோடு அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

காத்திருக்கட்டும்.